ஒரு தப்பும் இல்லாத விளையாட்டு

விஜயராணி அக்காவைத் துரோகின்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் எழுதியிருந்தான். அவனும் எங்ககூட வேலை போனவன்தான், வயித்தெரிச்சல்ல எழுதியிருப்பான். இருந்தாலும் எனக்கு மூக்கு மேல வந்துச்சு கோபம். லேபர் ஆபீஸ் ரூம்ல அன்னைக்கு உக்காந்திருந்தது நாங்க ஏழு பேர். இவன் அங்க இல்ல. தெரியாத விஷயத்துல வாய்க்கு வந்ததைப் பேசுறவங்களுக்கெல்லாம் தனித்தனியா பதில் சொல்லிட்டிருக்க என்னால முடியாது. ஒரே தடவையா சொல்லிடறேன். என் பேரு லின்சி, மேலப்புதூர். ஆபீஸ்ல அக்காவுக்குப் பக்கத்து சீட்டு என்னோடது.

எங்க வேலை என்னன்னு சொன்னா முதல்ல எல்லாரும் சிரிப்பாங்க. வீடியோ கேம் விளையாடறது. ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு ஜவுளிக்கடைக்கு மேல ரெண்டு மாடி எங்க ஆபீஸ். எங்கயோ பனி கொட்டுற தேசத்துல இருக்கற கம்பெனி ஒரு கேம் தயார் பண்ணும். அதைக் கடைக்கு விடறதுக்கு முன்னாடி அதுல என்னென்ன தப்பு இருக்குன்னு நாங்க விளையாடிப் பார்த்து எழுதி அனுப்பணும். அந்தத் தப்புக்கு எங்க பாஷையில பக்-னு பேரு. விளையாடறதுக்குச் சம்பளமான்னு எங்கம்மா இன்னைக்கும் கேக்கறாங்க. விளையாட்டு இல்லம்மா அது. குதிரையில ஏறி ஒரு ஊருக்குள்ள போகணும். அந்த ஊர்ல இருக்கற அத்தனை சுவத்துலயும் போய் முட்டணும். எந்தச் சுவராவது உள்ள விட்டுருச்சுன்னா அது பக். அப்புறம் அதே ஊருக்கு மழை பெய்யும்போது போய் முட்டணும். அப்புறம் கையில விளக்கோட போய் முட்டணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணை மூடினா சுவரு சுவரா வரும்.

விஜயராணி அக்கா எங்க எல்லாரையும் விட மூத்தவங்க, நாப்பதை நெருங்கிட்டாங்க. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவங்க. அவங்க அப்பா ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். பி.காம் முடிச்சு, டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சு, துவாக்குடியில வெல்டிங் வேலை பார்த்த வீரமலை அண்ணனைக் கட்டிக்கிட்டு, அதே பொன்மலைப்பட்டியில வாடகை வீட்டுல இருக்காங்க. பிள்ளை இல்ல. எங்க கம்பெனி ஆரம்பத்துல டேட்டா என்ட்ரி பண்ணிட்டிருந்தப்போ சேர்ந்தவங்க. கம்பெனி கேமுக்கு மாறினப்போ பாதிப் பேரை அனுப்பிட்டாங்க, அக்காவை வச்சுக்கிட்டாங்க. காலையில பொன்மலையிலேருந்து ஒரு பஸ், அப்புறம் ஒண்ணாம் நம்பர் பஸ், காவேரிப் பாலத்துல நெரிசல். சீட்டுல உக்காரும்போதே பாதி உசுரு போயிருக்கும். வந்ததும் குதிரையில ஏறி முட்ட ஆரம்பிச்சுருவாங்க. பேச்சு கம்மி இல்ல, நல்லாப் பேசுவாங்க. குதிரையைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. "சனியனே, திரும்புன்னா திரும்பு"ன்னு அவங்க சொல்றது ரெண்டு வரிசை தாண்டிக் கேக்கும்.

வீரமலை அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. பிரஷர் இருந்ததே தெரியாம வெல்டிங் பட்டறையில வெந்துக்கிட்டு இருந்திருக்கார் மனுசன். கால் வீங்கி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ரெண்டும் முடிஞ்சிருந்துச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். தில்லைநகர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. அக்காவோட ஈ.எஸ்.ஐ. கார்டுலதான் நடக்குது. அந்தக் கார்டு அக்காவோட வேலையில தொங்குது. சம்பளத்துல பிடிக்கிறது நின்னா கார்டு கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நின்னுடும். பெரியாஸ்பத்திரியில இலவசமாப் பண்றாங்கதான், ஆனா அங்க காத்திருக்கறவங்க வரிசையைப் போய்ப் பார்த்துட்டு வந்து அக்கா ஒரு நாள் பூரா சாப்பிடல. வாரத்துக்கு மூணுங்கறது ரெண்டாச்சுன்னா அண்ணனுக்கு மூச்சு முட்டும், ஒரு பொங்கல் லீவுல ஒண்ணு தள்ளிப்போனதுக்கே முட்டிச்சு.

நான் ஒரு தடவை ஆரஞ்சு வாங்கிட்டு அவரைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு அவருக்குக் கொடுக்கக் கூடாதாம், எனக்கெங்க தெரியும். கையில ரெண்டு டியூபோட படுத்துக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். "உங்க கேம்ல செத்துப்போன சிப்பாய் எந்திரிச்சு நின்னு பேசுறானாமே, ராணி சொன்னா. அந்தத் தப்பை மட்டும் எழுதிடாதீங்கம்மா. நமக்கு உதவும்"னார். பக்கத்துப் பெட்டுக்காரர்கூட சிரிச்சுட்டார். அக்கா மட்டும் சிரிக்கல. அவர் சாப்பிடக் கூடாத ஆரஞ்சை உரிச்சு அக்காவே தின்னுட்டு இருந்தாங்க.

இப்படி இருக்கையிலதான் எங்க மேனேஜர் பாலமுரளி சார் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெத்தியில ஸ்ரீசூர்ணம் இல்லாம ஒரு நாள் பார்த்ததில்ல, யாரையும் அதட்டிப் பேச மாட்டார். "ஒண்ணும் பயப்படாதீங்கோ. மேலேருந்து ஒரு மாத்தம் வந்திருக்கு, அவ்ளோதான்"னு ஆரம்பிச்சார். விஷயம் என்னன்னா, இந்த மாசக் கடைசியில எல்லாரும் ராஜினாமா எழுதிக் கொடுக்கணும். மறுநாளே அதே சீட்டுல, அதே வேலைக்கு, கன்சல்டன்ட்டா சேர்ந்துக்கலாம். பி.எஃப் கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, லீவு கிடையாது. கையில வர்றது கொஞ்சம் கூட வரும். சின்னப் பசங்க சில பேருக்கு முகத்துல சந்தோஷம்கூடத் தெரிஞ்சுது. நான் அக்காவைப் பார்த்தேன். முகத்துல ஈயாடல.

"சார், ஈ.எஸ்.ஐ. எனக்கு வேணும் சார். எனக்கு மட்டுமாவது"ன்னு அக்கா எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அப்படிக் கெஞ்சுற ஆள் இல்ல அவங்க.

"ஒருத்தருக்கு மட்டும் பண்ண முடியாதும்மா. உங்க ஆத்துக்காரருக்குப் பெருமாள் ஒரு வழி விடுவார்"னார் சார். பெருமாள் மேல பாரத்தைப் போட்டுட்டு ரூமுக்குள்ள போயிட்டார்.

சங்கம்கிற பேச்சை எடுத்தது அப்ரார். எங்க டீம்லயே சின்னவன், பாலக்கரைப் பையன், எதுக்கெடுத்தாலும் துள்ளுவான். டவுன்ல ஒரு தொழிற்சங்க ஆபீஸ்ல மாத்ருபூதம்னு ஒரு சார் இருக்கார்னு எங்களைக் கூட்டிட்டுப் போனான். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கேம் விளையாடறவங்களுக்குச் சங்கமான்னு அவருக்கும் தோணியிருக்கும், ஆனா கேக்கல, நல்ல மனுசன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டா சங்கத்தைப் பதிவு பண்ண மனு கொடுக்கலாம், இந்த கன்சல்டன்ட் மாத்தத்தை எதிர்த்து லேபர் ஆபீசர்கிட்டயும் மனு கொடுக்கலாம்னார். ஏழு பேர் கிடைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. நான், அப்ரார், அக்கா. அப்புறம் சௌமியா, மூணு மாசம் முழுகாம இருந்தா, கன்சல்டன்ட்டுக்குப் பிரசவ லீவு கிடையாதுன்னு தெரிஞ்சதும் தானாவே வந்தா. பெஞ்சமின், ஷஹனாஸ், பிரவீன்ராஜ் மூணு பேரையும் பிடிச்சு இழுத்துட்டு வந்தோம். மனு ரெண்டும் போச்சு. கம்பெனிக்கும் ஒரு நகல் போச்சு. கம்பெனி அதைக் கண்டுக்கவே இல்ல. மாசக் கடைசி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

வேலைநிறுத்தம் பண்ணலாம்னான் அப்ரார். வெளிய போய் நின்னா அவ்வளவுதான், மறுநாள் நம்ம சீட்டுல வேற ஆள் உக்காந்திருக்கும்னேன் நான். ஊர்ல இஞ்சினியரிங் படிச்சுட்டு சும்மா இருக்கற பிள்ளைங்களுக்கா பஞ்சம்? எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தப்போ அக்கா சொன்னாங்க: "வெளிய போக வேணாம். உள்ளயே நிறுத்துவோம். பொன்மலையில அப்படித்தான் பண்ணுவாங்க. எல்லாரும் டைமுக்கு வருவாங்க, கார்டு போடுவாங்க, சுத்தியலைக் கையில எடுப்பாங்க. ஆனா வண்டி மட்டும் வெளிய வராது. மேல இருக்கறவன் தானா இறங்கி வருவான்."

கேக்கவே எங்களுக்குப் புல்லரிச்சுது. நாங்களும் அப்படியே பண்றதுன்னு முடிவாச்சு. டைமுக்கு வரணும், விளையாடணும், சுவத்துல முட்டணும். பக்கைப் பார்த்தா பார்த்துக்கணும், எழுதக் கூடாது. அம்புட்டுதான். எழுதின பக் எத்தனைன்னு வெளிநாட்டுக்காரன் தினம் காலையில பார்ப்பான். ஒண்ணுமே வரலன்னா அலறிக்கிட்டு மேனேஜரைக் கூப்பிடுவான், மேனேஜர் எங்ககிட்ட வந்து நிப்பார், அப்போ ஈ.எஸ்.ஐ.யைப் பேசிக்கலாம். முன்கூட்டிச் சொன்னா ஏழு பேரையும் அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. மாத்ருபூதம் சார்கிட்டகூட சொல்லல. ஆபீஸ்ல மத்த எல்லாரையும் மொட்டை மாடியில சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தரா பிடிச்சுப் பேசினோம். கன்சல்டன்ட் ஆகறதுல சந்தோஷப்பட்ட பசங்ககூட ஒத்துக்கிட்டாங்க. சும்மா விளையாடிட்டு எழுதாம இருக்கறதுல அவனுங்களுக்கு என்ன நஷ்டம்?

அந்த நாளுங்க எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அந்த ஆபீஸ்ல சேர்ந்ததுலேருந்து முதல் தடவையா நாங்க நிஜமாவே விளையாடினோம். குதிரை தலைகீழா மரத்துல மாட்டிக்கிட்டா எல்லாரும் எந்திரிச்சு வந்து பார்த்துச் சிரிச்சோம். ராஜா அரியணையில உக்காரும்போது அரியணைக்குள்ளயே மூழ்கிப் போறான். எழுதல. விளையாடினவன் சேமிச்சு வச்ச ஆட்டமே மொத்தமா அழிஞ்சுபோற மாதிரி ஒரு பெரிய பக் அக்கா கையில மாட்டிச்சு. சாதாரண நாளா இருந்தா அதுக்கு மெயில் மேல மெயில் பறக்கும். அக்கா விரலை மடக்கி உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "எழுதணும்போல அரிக்குது லின்சி"ன்னாங்க. எழுதல.

பாலமுரளி சார் ரெண்டு தடவை வந்து, "என்னம்மா, ஒண்ணும் வரலையே"ன்னார்.

"தேடிட்டுத்தான் இருக்கோம் சார்"னோம்.

அவர் தலையை ஆட்டிக்கிட்டே ரூமுக்குள்ள போயிட்டார். உள்ள நடுங்கிக்கிட்டு இருக்கார்னு நாங்க நினைச்சுக்கிட்டோம். அப்ரார் அவரோட நடையை நடிச்சே காமிச்சான்.

அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, டீ டைமுக்குக் கேசரி வந்துச்சு. நெய் சொட்டச் சொட்ட, ஆளுக்கு ஒரு கப்பு. யாருக்காவது பிறந்த நாளான்னு கேட்டுக்கிட்டே வாங்கினோம். பாலமுரளி சார் ஹால்ல இருக்கற பெரிய ஸ்கிரீனைப் போட்டார். அதுல ஒரு கோடு. தினம் எத்தனை பக் வந்துச்சுன்னு காட்டுற கோடு. மலை மாதிரி ஏறிப் போயி, அப்புறம் செங்குத்தா இறங்கி, தரையில படுத்துக்கிடந்துச்சு. "கிளையன்ட்டுக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு சுத்தமான கேமை அவா எதிர்பார்க்கவே இல்லையாம். ரிலீஸை முன்னாடி கொண்டு வந்துட்டா. உங்க எல்லாரையும் பாராட்டி மெயில் போட்டிருக்கா"ன்னார் சார். குரல் தழுதழுத்துச்சு அவருக்கு. நிஜமாவே பெருமைப்பட்டார் மனுசன்.

அப்புறம் சொன்னார்: "இந்த ப்ராஜெக்ட் இந்த மாசத்தோட முடியறது. அதனால அந்த கன்சல்டன்ட் பேப்பர்ல யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்களுக்கும் மனக்கஷ்டம் இல்ல, எங்களுக்கும் இல்ல. அடுத்த ப்ராஜெக்ட் வரச்சே கூப்பிடறோம்."

பேய் அறைஞ்ச மாதிரி நின்னோம் எல்லாரும். பக் வர்றது நின்னுபோச்சுன்னா கேம் தயார்னு அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்த விஷயம் அது. ஹால்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்குக்கூட தோணல. எங்க புத்தி எங்க புல்லு மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சோ. வேலையை நிறுத்தறோம்னு நினைச்சுக்கிட்டு வேலையை முடிச்சுக் கொடுத்திருக்கோம். அதுவும் பிரமாதமா முடிச்சுக் கொடுத்திருக்கோம், பாராட்டு வாங்கற அளவுக்கு.

அக்கா கேசரிக் கப்போட மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. பின்னாடியே ஓடினேன். தண்ணி டேங்குக்குப் பக்கத்துல உக்காந்து, "நான்தானே சொன்னேன். நான்தானே சொன்னேன் லின்சி"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "பொன்மலையில வேலை நின்னா வண்டி நிக்கும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. ஊருக்கே தெரியும். இங்க நின்னா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லையே. அந்த மனுசனுக்கு நானே குழி வெட்டிட்டேனே." கோபமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டுல எதைப் பண்றதுன்னு தெரியாம அந்தக் கேசரிக் கப்பை வாங்கிக் கீழ வச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பார்த்து வச்சிருந்த பக் அத்தனையும் எழுதினோம். ஞாபகம் இருந்தது, இல்லாதது, எல்லாரும் சேர்ந்து கை கடுக்க அடிச்சோம். தலைகீழ்க் குதிரை, மூழ்குற ராஜா, அண்ணன் எழுத வேணாம்னு சொன்ன, எந்திரிச்சுப் பேசுற சிப்பாய், அழிஞ்சுபோற ஆட்டம். திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரன்கிட்டேருந்து பதில் வந்துச்சு. இத்தனை நாளா இல்லாத தப்பு ஒரே சாயங்காலத்துல எப்படி வந்துச்சு, ப்ராஜெக்ட் முடியுதுன்னு சொன்னதும் ஒப்பந்தத்தை நீட்டிக்கறதுக்காகக் கிளப்புறீங்களான்னு கேட்டிருந்தான். அந்த அழிஞ்சுபோற பக்கை மட்டும் ரிலீஸுக்கு அப்புறம் சரி பண்ணிக்கறேன்னு எழுதியிருந்தான். பாலமுரளி சார் எங்க வரிசைக்கு வந்து நின்னார். "வேணும்னே வச்சிருந்தேளா?"ன்னார். அவருக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

மாசக் கடைசியில எல்லாருக்கும் வேலை போச்சு. மாத்ருபூதம் சார்கிட்ட ஓடினோம். "நோட்டீஸ் கொடுக்காம எவன்டா ஸ்ட்ரைக் பண்ணுவான்"னு அப்ராரை ஒரு பிடி பிடிச்சார். அப்புறம் சேரைத் திருப்பிப் போட்டு உக்காந்து யோசிச்சார். நாங்க ஏற்கெனவே கொடுத்த மனு மேல லேபர் ஆபீசர் ரெண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. "அதுதான் நமக்கு இருக்கற ஒரே பிடி. வேலை முடியல, தகராறு நடந்துக்கிட்டிருக்கு, தொழிலாளிங்க வேலையை நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு ஆபீசர் முன்னாடி ஏழு பேரும் சொல்லணும். அதை அவங்க பதிவு பண்ணிட்டா, தகராறு இருக்கையில ஆளை வேலையை விட்டு எடுத்தது தப்புன்னு நாம நிக்கலாம். எல்லாரும் திரும்ப வேலைக்குப் போக வழி இருக்கு. வேலை ஒழுங்கா முடிஞ்சுதுன்னு ஒரே ஒருத்தர் சொன்னாலும் எல்லாம் மண்ணாப் போயிடும், அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க." அவர் சொன்னது எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி ரெண்டு தடவை சொன்னார்.

பேச்சுவார்த்தை அன்னைக்கு நான் ஹெட் போஸ்ட் ஆபீஸ் ஸ்டாப்புல நின்னேன், அக்கா வந்த பஸ்லயே ஏறினேன். பக்கத்துல உக்காந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"முந்தாநாள் பாலமுரளி சார் ஆஸ்பத்திரிக்கே வந்தார் லின்சி. அடுத்த ப்ராஜெக்ட் வருதாம். ஒரே ஒரு பெர்மனென்ட் ஆளு, ஈ.எஸ்.ஐ.யோட. எனக்குத் தர்றேன்னார். ஆபீசர்கிட்ட வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்லணும்."

எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "அந்த ஆளு பூணூலைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்காம என்ன பண்ணினீங்க?"

"டியூபு ஓடிக்கிட்டு இருந்துச்சு லின்சி. அவரு தூங்கிட்டிருந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல"ன்னாங்க. "அங்க போய் வாயைத் திறந்தா என்ன வருதோ எனக்கே தெரியல."

"சௌமியா வயித்துல பிள்ளையோட வருவா. அவ மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்லுங்க"ன்னேன்.

சின்ன ரூம். ஒரு பக்கம் பாலமுரளி சாரும் ஒரு வக்கீலும். இன்னொரு பக்கம் மாத்ருபூதம் சாரும் நாங்க ஏழு பேரும், சேர் பத்தாம அப்ரார் சுவரோரமா நின்னான். ஆபீசர் அம்மா நிதானமா ஃபைலைப் படிச்சுட்டு மாத்ருபூதம் சார் சொன்னதைக் கேட்டாங்க. வக்கீல் எந்திரிச்சு, வேலைநிறுத்தம்னு ஒண்ணு நடக்கவே இல்ல, வேலை முடிஞ்சதுக்கு கிளையன்ட்டோட பாராட்டு மெயிலே இருக்குன்னு காட்டினார். ஆபீசர் அதை வாங்கிப் பார்த்தாங்க. அவங்க குழம்பினதுல தப்பே இல்ல. ஸ்ட்ரைக் பண்ணினதுக்குப் பாராட்டு வாங்கின தொழிலாளியை அவங்க எங்க பார்த்திருப்பாங்க? "உங்க சங்கத்துல யாரு மூத்தவங்க?"ன்னு கேட்டாங்க. அக்கா எந்திரிச்சாங்க.

"நீங்க சொல்லுங்கம்மா. வேலையை நிறுத்தினீங்களா, இல்ல வேலை முடிஞ்சுதா?"

அக்கா சேலைத் தலைப்பைக் கையில சுருட்டிக்கிட்டே நின்னாங்க. சௌமியாவைப் பார்த்தாங்க. என்னைப் பார்க்கல. "வேலை முடிஞ்சுது மேடம்"னாங்க.

மாத்ருபூதம் சார் விருட்டுன்னு திரும்பினார். "என்னம்மா பேசுறீங்க?"ன்னார். பாலமுரளி சார் மெதுவா, யாரையும் பார்க்காம சொன்னார்: "இவாளை நாங்க விடல மேடம். அடுத்த ப்ராஜெக்ட்டுக்குப் பெர்மனென்ட்டா எடுத்துண்டிருக்கோம். ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு."

ஈ.எஸ்.ஐ.ங்கற அந்த ஒரு வார்த்தைல எங்க எல்லாருக்கும் விளங்கிருச்சு. வீரமலை அண்ணனைத் தெரியாதவங்க எங்கள்ல யாரு? அக்கா லஞ்ச் டைம்ல போன்ல அவர்கிட்ட "தண்ணி எவ்வளவு குடிச்சீங்க"ன்னு கேக்கறதைத் தினமும் கேட்டவங்கதானே எல்லாரும்?

"மத்தவங்களும் அதையேதான் சொல்றீங்களா? ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னாங்க ஆபீசர். சுவரோரமா நின்ன அப்ராரைத்தான் முதல்ல கைகாட்டினாங்க.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவன் துள்ளப் போறான், அக்காவைப் பொய்க்காரின்னு கிழிக்கப் போறான், அக்காவுக்குக் கிடைச்ச அந்த வேலையும் போகப்போகுதுன்னு. வாயைத் திறந்தான், மூடினான். சங்கம்னு முதல்ல பேச்செடுத்தவன் அவன்தான். தரையைப் பார்த்துக்கிட்டே, "வேலை முடிஞ்சுது மேடம்"னான்.

அடுத்தது சௌமியா. எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் அந்த வேலை அவசரம். வயித்து மேல கையை வச்சுக்கிட்டு அக்காவைப் பார்த்தா. கண்ணுல தண்ணி கொட்டிச்சு, துடைக்கக்கூட இல்ல. "முடிஞ்சுது மேடம்."

பெஞ்சமின் சொன்னான். ஷஹனாஸ் சொன்னா. பிரவீன்ராஜ் அவ்வளவு மெல்லிசா சொன்னான், ஆபீசர் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, திருப்பிச் சொன்னான். கடைசியா நான். கத்தணும்போல இருந்துச்சு எனக்கு. அந்த வக்கீல் மூஞ்சியில, பாலமுரளி சார் மூஞ்சியில, அக்கா மூஞ்சியிலகூட. அத்தனை பேரும் சொன்னதுக்கப்புறம் நான் மட்டும் இல்லன்னு சொல்ல எனக்கு மட்டும் என்ன கல்லா நெஞ்சு? "ஆமா மேடம். வேலை முடிஞ்சுது"ன்னேன்.

ஆபீசர் எழுதிக்கிட்டாங்க. மாத்ருபூதம் சார் பையை எடுத்துக்கிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காம வெளிய போயிட்டார். எங்களுக்காக வெயில்ல அலைஞ்ச மனுசன், அவர் கோபத்துல ஒரு தப்பும் இல்ல. சங்கம்னு ஒண்ணை ஆரம்பிச்சு நாங்க ஏழு பேரும் பிசகாம ஒண்ணாச் சேர்ந்து பண்ணின காரியம் அது ஒண்ணுதான். அதோட சங்கமும் போச்சு.

வெளிய வேப்ப மரத்தடியில அக்கா என் கையைப் பிடிக்க வந்தாங்க. நான் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். "உனக்காகன்னு நினைச்சுக்காத. அந்த மனுசனுக்காக"ன்னேன். அவங்களை நான் நீன்னு பேசினது அதுதான் முதல் தடவை. அக்கா தலையை ஆட்டினாங்க.

"போ, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு"ன்னேன்.

போனாங்க. சௌமியா என் தோள்ல சாஞ்சு விசும்பி விசும்பி அழுதா, அவளை ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டேன். வீரமலை அண்ணன் இன்னைக்கும் உசுரோட இருக்கார். நான் இன்னும் வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.